பன்னிரண்டு வாரத்தில் ஒரு கட்டுரை

புஸ்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறவர்களைப் பற்றி நம் வீடுகளில் ஓர் இளப்பம் உண்டு. உப்பு எவ்வளவு என்று புஸ்தகத்தைக் கேட்கிறவள் என்ன சமைத்துவிடப் போகிறாள் என்பார்கள். எழுத்து விஷயத்தில் எனக்கும் அதே இளப்பம் வெகுகாலமாக இருந்தது. சிறுகதை எழுதுவது எப்படி, நாவல் எழுதுவது எப்படி என்ற ரகத்தைச் சேர்ந்த புஸ்தகங்களை நான் படித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. படித்துவிட்டு, படித்ததை வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே, ராமநாதபுரத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் பெண்ணின் மேஜைமேல், பன்னிரண்டு வாரத்தில் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி முடிக்கலாம் என்று அட்டையிலேயே வாக்குக் கொடுக்கும் ஒரு தடித்த ஆங்கிலப் புஸ்தகத்தைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் மாமா சிரிக்கிறீங்க? நீங்க தொடர்கதை எழுதினப்போ பத்திரிகைக்காரங்க வாராவாரம் உங்களைக் கேட்டாங்களா இல்லையா? எனக்குக் கேட்க ஆள் இல்லை. இந்தப் புஸ்தகம் கேட்குது" என்றாள்.

இந்தப் பதிலுக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. புஸ்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தவனல்ல. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் யோக்கியதையோ அவசியமோ எனக்கு இல்லை. ஆனாலும் தச்சன் கொல்லன் பட்டறையை எட்டிப் பார்ப்பதுபோல, ஓர் எழுத்துக்காரன் வேறு ரக எழுத்துக்காரர்களின் பட்டறையை எட்டிப் பார்க்கலாம் அல்லவா?

ஆசிரியை வெண்டி லாரா பெல்ச்சர் அமெரிக்கர். சிறு வயதில் எதியோப்பியாவிலும் கானாவிலும் வளர்ந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க இலக்கியப் பேராசிரியை. லாஸ் ஏஞ்ஜலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு அவர் நடத்திய எழுத்து வகுப்புகளிலிருந்து பிறந்தது இந்தப் புஸ்தகம். 2009-இல் முதல் பதிப்பு வந்தது. மிகவும் மாற்றி எழுதப்பட்ட இரண்டாம் பதிப்பைச் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 2019-இல் வெளியிட்டது. இலக்கியம், சரித்திரம், சமூகவியல் போன்ற துறைக்காரர்களுக்காக எழுதியது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், நாளுக்கு ஒரு பயிற்சி. பூர்த்தி செய்யக் கட்டங்கள், கோடுகள். பள்ளிக்கூடத்தில் பயிற்சி நோட்டுக்குப் பயந்தவர்கள் இதற்கும் பயப்படுவார்கள்.

அவர் சொல்லும் முதல் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக ஒன்றைத் தொடங்காதே, ஏற்கெனவே எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருப்பதை எடுத்துத் திருத்து என்கிறார். (ஒன்றுமே எழுதி வைக்காதவர்களுக்கு இரண்டாம் பதிப்பில் தனியாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறார். உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் அதிகம் என்பதைப் பத்து வருஷத்தில் தெரிந்துகொண்டிருப்பார்.) இரண்டாவது யோசனை, நாளைக்குப் பதினைந்து நிமிஷமாவது எழுது, லீவு வரட்டும், பெரிய ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திராதே. இதை நான் பரிபூரணமாக ஒப்புக்கொள்கிறேன். கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குப் போய் நாவல் எழுதுவதாகச் சொன்ன நண்பர்கள் பலர் கொடைக்கானலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். என் நாவல்களில் தேறுகிறவை சமையலறையில் குக்கர் கத்தும் நேரத்தில் எழுதியவை.

புஸ்தகத்தின் உயிர் நிலை இதுவல்ல. அதைச் சொல்ல என் தங்கை மகளின் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாம்பன், மண்டபம் பக்கம் கடலோரக் கிராமங்களில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்கிறாள். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி, பாறையில் வளரும் பாசியைக் கையால் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டிலிருந்து, ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் பயன்படும் அகார் எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவு அருகே போகக்கூடாது என்று ஆயிற்று. அன்றிலிருந்து அந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. இதற்கு நடுவில், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடும் செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பரிசு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

இவ்வளவு அருமையான விஷயம். அவள் முதலில் எழுதிய கட்டுரையின் தலைப்பு: "ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பாசி சேகரிப்புப் பெண்களின் சமூக, பொருளாதார நிலை - ஓர் ஆய்வு." படித்துப் பார்த்தேன். எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு, எத்தனை பேர் ஓட்டு வீடு, எத்தனை பேருக்குக் கடன் என்று வரிசையாக அட்டவணைகள். முடிவில், அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை எந்தக் கட்டுரையின் முடிவிலும் வைக்கலாம்.

அதை முதலில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். ஐந்தாம் நாள், தங்கள் மேன்மையான கட்டுரை நிபுணர்களால் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, இரண்டாயிரம் ரூபாய் கட்டவும் என்று பதில் வந்தது. ஐந்து நாளில் நிபுணர்கள் பரிசீலித்தார்கள் என்பதை என் தங்கைகூட நம்பவில்லை. அப்புறம் வேறொரு நல்ல பத்திரிகை. அங்கிருந்து எட்டு மாதம் கழித்து இரண்டே வரி வந்தது: தகவல் இருக்கிறது, என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியவில்லை. பெண் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு இது வெறும் கௌரவப் பிரச்னை அல்ல. பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதி செய்தது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. எந்தப் பத்திரிகை நல்லது என்று காட்டக் குழுவே ஒரு ஜாபிதா வைத்திருந்தது. 2025-இல் அதையும் கைவிட்டது. விதிகள் மாறுகின்றன. ஆனால் வேலைக்கு மனுப் போட்டால் எத்தனை கட்டுரை என்று எண்ணுகிற வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணுகிறவர்கள் இருக்கும் வரையில் ஐந்து நாள் நிபுணர்களுக்கும் பிழைப்பு இருக்கும். இந்த ரகத்தாரைப் பற்றிப் பெல்ச்சரும் எச்சரிக்கிறார்.

இனி உயிர் நிலைக்கு வருகிறேன். கட்டுரைகள் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம், அவற்றில் வாதம் இல்லாததுதான் என்பது பெல்ச்சரின் தீர்ப்பு. அதற்கு ஒரு சோதனையும் தருகிறார். நீ சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல். அதைக் கேட்டவன் "ஒப்புக்கொள்கிறேன்" என்றோ, "ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்றோ சொல்ல முடிய வேண்டும். இரண்டுமில்லாமல் "அப்படியா?" என்றால் அது தலைப்பு, வாதமல்ல.

மிகவும் சாதாரண விஷயம் போலிருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். அவள் நாலு நாள் உட்கார்ந்தாள். "பாசி எடுக்கும் பெண்கள் ஏழைகள்" என்று எழுதினாள். யார் மறுப்பார்கள்? "பாசி எடுக்கும் தொழில் நலிந்து வருகிறது." அப்படியா? ஐந்தாம் நாள், தன் களக் குறிப்பு நோட்டைப் புரட்டும்போது, பாம்பனில் ஒரு பாட்டி சொன்னது கண்ணில் பட்டது: "அடியோட பிடுங்கினா அடுத்த தடவை எங்கிட்டுப் போறது? நுனியைத்தான் கிள்ளணும்." அதை அவள் கட்டுரையில் சேர்க்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அட்டவணையில எங்க போடறதுன்னு தெரியலை மாமா" என்றாள்.

அன்று ராத்திரி எழுதிய வாக்கியம் இது: தீவுகளைக் காப்பாற்றுவதற்காகப் பெண்களை விலக்கிவைத்த சட்டம், எந்தப் பாசியை எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று அறிந்தவர்களையே விலக்கிவைத்தது.

இதை ஒரு வனத்துறை அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கும் பலமான பதில் இருக்கும். அறிந்தவர்கள் இருந்தும் பவளப் பாறை ஏன் கெட்டது என்பார். இனி அட்டவணைகளுக்கு வேலை வந்துவிட்டது. எது இந்த வாக்கியத்துக்குச் சாட்சி, எது வேண்டாதது என்று தானாகப் பிரிய ஆரம்பித்தது. நான் சிரித்த புஸ்தகம் இந்தக் காரியத்தைச் செய்தது. என் நாவல் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்து பார்த்தேன். முடிவை இங்கே சொல்வதாக உத்தேசமில்லை.

ஆனால் பெல்ச்சர் அம்மையாரிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். இது அமெரிக்காவில் கண்டுபிடித்ததல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூல் எழுதுகிறவனுக்கு எழுவகை மதம் என்று வகுத்திருக்கிறார். பிறர் சொன்னதை ஒப்புவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு தள்ளுவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் சண்டையில் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்வது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, யாரோடும் ஒட்டாமல் தன் மதத்தையே கொள்வது. பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி எல்லாம் கூடவே வருகின்றன. நம் பள்ளிக்கூடங்களில் இதை மனப்பாடம் செய்யச் சொன்னார்களே தவிர, எழுதும்போது எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதியவர்களும் இந்தச் சேது நாட்டைச் சார்ந்து இருந்தார்கள். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் ஏற்படுத்திய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். அதற்குத் துணை நின்றவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. சங்கத்தின் "செந்தமிழ்" பத்திரிகை 1902-இல் தொடங்கியது. முதலில் ஆசிரியராயிருந்தவர் சேது சமஸ்தான வித்துவான் ரா. ராகவையங்கார், அவருக்குப் பின் மு. ராகவையங்கார். பல்கலைக்கழகப் பட்டத்தினால் வந்த புலமை அல்ல அவர்களுடையது. மு. ராகவையங்காரின் "வேளிர் வரலாறு" எடுத்துக்கொள்ளுங்கள். வேளிர் துவாரகையிலிருந்து வந்த யாதவ குலத்தார் என்பது அவர் கட்சி. நச்சினார்க்கினியர் உரையையும், இருங்கோவேளைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டையும் சாட்சிக்கு அழைக்கிறார். இன்றைய சரித்திரக்காரர்கள் பலர் இதை ஏற்பதில்லை. உரையாசிரியர் சொன்ன ஒரு புராணக் கதையை இவ்வளவு நம்பலாமா என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் மறுக்கிறவன் எங்கே கை வைத்து மறுக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. சங்க காலத்து வஞ்சி கருவூர்தான் என்று ரா. ராகவையங்கார் "வஞ்சிமாநகர்" எழுதினார். அதற்கும் எதிர்க்கட்சி இருந்தது. பெல்ச்சரின் சோதனையில் இரண்டும் முதல் வகுப்பில் தேறும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே கடற்கரையில் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் ஏற்பட்டு, 1949 முதல் மண்டபம் முகாமில் இயங்கியது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் ஒரு மையம் இருக்கிறது. அங்கிருந்த விஞ்ஞானிகள் 1958-இல் ஒரு கடல் உயிரியல் சங்கம் அமைத்து, 1959-இல் அதற்கென்று பத்திரிகையும் தொடங்கினார்கள். அப்போது நிலையத்தின் இயக்குநராயிருந்த எஸ். ஜோன்ஸ், பிடித்துவைத்துப் பார்த்த ஒரு ஜோடி ஆவுளியாவைப் பற்றி முதல் தொகுதியிலேயே எழுதியிருக்கிறார். கடல் பசு என்று படித்தவர்கள் சொல்வதை இந்தப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கட்டுரையின் தலைப்பில் வாதம் எதுவும் இல்லை. ஒரு ஜோடி ஆவுளியா, அவ்வளவுதான். இன்று ஆவுளியா அருகிப்போய், 2022-இல் பாக் விரிகுடாவில் அதற்கென்று ஒரு காப்பகமே அறிவிக்க வேண்டியதாகிவிட்டது. அருகில் இருந்து பார்த்தவன் எழுதிவைத்ததற்கு இப்போது என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. விஞ்ஞானம் தன் புஸ்தகத்தின் எல்லைக்கு வெளியே என்று பெல்ச்சர் சொல்லலாம். ஆனால் என் தங்கை மகளின் நோட்டிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. எந்த மாதத்தில் எந்தத் தீவு, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் தெளியும் என்று. வாதத்துக்குச் சாட்சியாகாதவை என்று அவற்றையெல்லாம் வெட்டிவிட்டாள். வெட்டியதற்காகக் கட்டுரை நன்றாயிருக்கிறது. வெட்டியதில் எனக்கு வருத்தமும் இருக்கிறது.

நடுவிலுள்ள வாரங்கள், பிறர் எழுதியதைப் படித்துக் குறிப்பெடுப்பது, அமைப்பைச் சரிசெய்வது போன்றவை, உபயோகமானவை, சுவாரஸ்யமானவை அல்ல. கடைசி வாரங்களில் வாக்கியங்களைச் செப்பனிட ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. சில குறிப்பிட்ட ஆங்கிலச் சொற்களைத் தேடி வர்ணம் பூசிப் பார்க்கவேண்டும். பக்கம் முழுதும் வர்ணமாக இருந்தால் நோய் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். தமிழுக்கு இதைச் செய்து பார்த்தோம். யாரோ ஒருவருடைய தமிழ் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, "மேற்கொள்ளப்பட்டுள்ளது", "என்பது குறிப்பிடத்தக்கதாகும்" என்ற இரண்டை மட்டும் சிவப்பில் அடையாளம் செய்தாள். அம்மை போட்ட குழந்தை மாதிரி இருந்தது.

எனக்குப் புஸ்தகத்தோடு உண்மையான வழக்கு நாலாவது வாரத்தில்தான். எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் வாரம் அது. யோசனைகள் எல்லாம் சரியானவை. பத்திரிகையின் பழைய இதழ்களைப் பார், எத்தனை மாதத்தில் பதில் வரும் என்று விசாரி, ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேள் என்கிறார். ஆனால் யார் இதைப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் என்பதுதான் பதிலாக முடிகிறது. "செந்தமிழ்" நடத்தியவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. வேளிரைப் பற்றி எழுதினால், படித்துவிட்டுச் சண்டைக்கு வரக்கூடிய பண்டிதரும், திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் மிராசுதாரும் ஒரே பாஷைக்காரர்கள். பாசிப் பெண்களைப் பற்றிய கட்டுரையோ இங்கிலாந்திலோ ஹாலந்திலோ அச்சாகும். அதைப் படிக்க ஒரு நாளைக்குக் கேட்கும் பணம், பாசி எடுத்துச் சம்பாதிக்கிறதற்கு மேல் இருக்கும்.

எதியோப்பியாவில் பதினேழாம் நூற்றாண்டில் கீஸ் என்ற பழைய மொழியில் எழுதிய வலத்தா பேத்ரோஸ் என்ற பெண் துறவியின் சரித்திரத்தை, இன்னொரு அறிஞருடன் சேர்ந்து 2015-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் இதே பெல்ச்சர். யாருடைய கதை யாருடைய பாஷையில் இருக்கிறது என்பது தெரியாதவரல்லர். பன்னிரண்டு வாரத்தில் அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

"நீயே தமிழில் எழுதேன் அம்மா" என்றேன்.

"என் துறையில தமிழ்ல எழுதினா யார் எண்ணுவா மாமா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாவல்களை யாரும் எண்ணுவதில்லை, எழுதிவிடலாம்.

புஸ்தகத்தில் பன்னிரண்டுக்கு அப்பால் எக்ஸ் என்று ஒரு வாரம் இருக்கிறது. பத்திரிகையின் தீர்ப்பு வந்த பிறகு செய்ய வேண்டியது. எப்போது வருமென்று தெரியாத வாரமாதலால் அந்தப் பெயர் போலும். அவளுக்கு ஆறாம் மாதம் வந்தது. திருத்தி அனுப்பவும் என்று தீர்ப்பு. இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர், மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி என்ற உள்ளூர்ப் பெயர்களை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு லத்தீன் பெயர்களையே எழுதச் சொன்னார். ஒவ்வொரு குறிப்புக்கும் மரியாதையாகப் பதில் எழுது, உடன்படாவிட்டால் காரணத்தைக் காட்டி மறு என்று பெல்ச்சர் சொல்லியிருக்கிறார். நுனியைக் கிள்ளும் வழக்கம் அந்தப் பெயர்களோடுதான் இருக்கிறது, லத்தீன் பெயர்களோடு இல்லை என்று எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டினாள். மரியாதையாகத்தான் இருந்தது.

அனுப்புவதற்கு முன்னால், நான் சொன்னதற்காகவோ என்னவோ, கட்டுரையின் சாரத்தைத் தமிழில் எட்டுப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு, பாசிக்குப் போகாத ஒரு நாளில் பாம்பனுக்குப் போய் அந்தப் பெண்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். முதல் மூன்று பக்கம் பேசாமல் கேட்டார்களாம். நாலாம் பக்கத்தில் அந்தப் பாட்டி நிறுத்தச் சொன்னாள். "நீ சொல்றது கஞ்சிப் பாசிக்குத்தான் ஆத்தா. மரிக்கொழுந்துக்கு அப்படி இல்லை." பார்த்தால், நோட்டிலிருந்து பெயர்த்து எழுதும்போது இரண்டு பாசியையும் மாற்றி எழுதியிருந்தாள். ஆங்கிலப் பிரதியிலும் அதே தப்பு இருந்தது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் கண்ணிலும் அது படவில்லை. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பிரதிகளிலும் திருத்தினாள்.

பத்திரிகையிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. புஸ்தகத்தை மட்டும் திருப்பித் தரச் சொல்லி இரண்டு முறை போனில் பேசிவிட்டாள். பரமக்குடியில் அவளோடு படித்த பெண் ஒருத்திக்கு வேண்டுமாம். நாளைக் காலைப் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும்.